தவறாக வாசித்த எலும்பு

"ஐயோ… பாத்து!"

அந்தக் குரல் காதில் விழுவதற்குள் ரோனாவின் கால் எதிலோ தட்டிவிட்டது. ஏதோ உலோகம் தரையில் மோதி உருண்டது. கையிலிருந்த காகிதப் பை பறந்தது. ஜார்ஜ் தெருப் பேருந்து நிறுத்தத்துக்குள் தலைகுப்புற விழப்போனவள், யாருடைய கம்பளிச் சட்டையையோ இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் ஓடிவந்ததே ஒரு பேருந்துக்காக. அது மழைத்தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"சட்டையை விட்டீங்கன்னா நான் மூச்சு விடுவேன்."

சட்டென்று விட்டாள். நிமிர்ந்து பார்த்தாள். பழுப்புக் கண்கள். மலையோடையின் அடியில் கிடக்கும் கல்லின் பழுப்பு… மேலே ஏதோ ஓயாமல் ஓடிக்கொண்டிருப்பது போல ஒரு மினுக்கம். ஈரத் தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. மழைக்கு ஒதுங்கி, நிறுத்தத்தின் பலகையில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டியிருந்தான். கீழே கிடந்தது அவனுடைய ஊன்றுகோல்.

கோபம்தான் முதலில் வந்தது அவளுக்கு. வெட்கப்படும்போதெல்லாம் அதுதான் முந்திக்கொள்ளும்.

"கட்டையை இப்படி நடுவழியில வெச்சா யாருதான் தடுக்கி விழ மாட்டாங்க?"

"நான் வைக்கலைங்க. அது பாவம், ஓரமா சாஞ்சு தூங்கிட்டிருந்துச்சு. நீங்கதான் உதைச்சு எழுப்பிட்டீங்க."

"பேச்சு மட்டும் நல்லா வருது!"

"கால் வேலை செய்யலைன்னா வாய்தானே வேலை செய்யணும்… அதோ பாருங்க, உங்க சாப்பாடு."

ஒரு கடற்பறவை காகிதப் பையைக் கிழித்து, சுருட்டி வாட்டிய ரொட்டி ஒன்றை அலகில் கவ்விக்கொண்டு, மழையைப் பற்றிய எந்தக் கவலையும் இல்லாமல் மேலே ஏறியது.

"சீஸ் ரோலா?" என்றான்.

"ஆமா."

"எந்தக் கடையில வாங்குனீங்க?"

"கடையில இல்ல. நானே பண்ணது."

அவன் பறவையை அண்ணாந்து பார்த்தான். "அப்ப அதுக்குத்தான் ஆபத்து."

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்தாள். சிரித்துவிட்டாள்.

அவன் பெயர் ராவிரி. போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து நண்டுப் படகில் போகிறவன். அவள் ரோனா. 'ஆஸ்பத்திரியில வேலை' என்று மட்டும் சொன்னாள். பலகையின் மறுகோடியில் உட்கார்ந்தாள். நிறுத்தத்தின் தகரக் கூரையில் மழை தட்டியது. தெற்குக் கோடி ஊரான டனீடனில் ஜூன் மாதத்துக் குளிர்கால மழை இப்படித்தான்… பெய்கிறதா, சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று தெரியாது. பொதுவாக அந்நியர்களின் மௌனம் அவளை எழுந்து போகச் சொல்லும். இவன் மௌனம் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது அது.

கடைசியில் அவள்தான் கலைத்தாள். தொழில் பழக்கம். "காலுக்கு என்ன ஆச்சு?"

"படகுலேருந்து கரைக்குத் தாவினேன். பாசி. முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு ரெண்டாப் போச்சு. தகடு வெச்சாங்க, திருகு போட்டாங்க… ஒட்ட மாட்டேன்னுடுச்சு. மாசக்கணக்கா ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு சும்மா நிக்குதாம். சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி. கடைசில மறுபடி அறுத்து, ஒரு ஆய்வுல சேத்துட்டாங்க. பாதிப் பேருக்கு இடுப்பெலும்புல கொஞ்சம் சுரண்டி எடுத்து அந்த இடைவெளியில வைக்கறாங்க. மீதிப் பேருக்கு ஏதோ வளர்ச்சிப் புரதமாம். எனக்கு எதை வெச்சாங்கன்னா—"

அவள் உள்ளங்கை அவன் வாய்மேல் இருந்தது.

எப்போது எழுந்தாள், எப்போது கையை நீட்டினாள் என்று அவளுக்கே தெரியாது. அவன் மூச்சு விரல்களுக்கிடையில் சூடாகப் பட்டது. பழுப்புக் கண்கள் அகலமாக விரிந்து, மெல்ல மெல்லச் சுருங்கி… சிரித்தன.

"சொல்லாதீங்க," என்றாள். "சத்தியமா சொல்லாதீங்க. கையை எடுக்கறேன். சொல்ல மாட்டீங்கல்ல?"

அவன் தலையாட்டினான். எடுத்தாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மழையங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"நான்தான் அந்த எக்ஸ்ரேயெல்லாம் வாசிக்கறவ. எலும்பு ஒட்டிடுச்சா, இல்லையான்னு சொல்றது என் வேலை. யாரோட காலு, எதை வெச்சாங்க… ஒண்ணும் எனக்குத் தெரியக் கூடாது. படம் பேரில்லாம வரும். ஒரு எண்ணுதான்."

"தெரிஞ்சா என்ன?"

"புரதம் வெச்சதுன்னு தெரிஞ்சா, நல்லா ஒட்டியிருக்கற மாதிரியே தெரியும். கண்ணு ஆசைப்பட்டதைத்தான் பாக்கும். அதான் கண்ணைக் கட்டிட்டு வாசிக்கச் சொல்றாங்க."

"அப்ப என் காலைப் பாத்திருக்கீங்க. என்னைப் பாக்கல."

"உங்க காலைப் பாத்திருக்கேனான்னுகூட எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது."

அடுத்த பேருந்து வந்தது. அவனுடைய தடம் இல்லை அது, அவளுடையது. ஏறி உட்கார்ந்து, பனி படிந்த கண்ணாடியைத் துடைக்காமலே இருந்தாள். துடைத்தால் அவன் தெரிவான்.

மறுநாள் மாலை அவன் அங்கேயே இருந்தான். ஊன்றுகோல் ஒழுங்காகப் பலகைக்கு அடியில். மடியில் ஒரு பொட்டலம்.

"எங்க ஆன்ட்டி பண்ணது. இதைச் சாப்பிட்டா உயிரோட இருக்கலாம்."

"இங்க உங்க பஸ்ஸே நிக்காதே?"

"நிக்காது."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"சீஸ் ரோல் ஆறிடும், சாப்பிடுங்க."

போய்விடத்தான் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஆய்வில் இருக்கிற ஒருவனோடு பேசுவதே சரியில்லை. ஆனால் மனம் ஒரு வழக்கறிஞரை உள்ளே உட்காரவைத்திருந்தது. 'எந்தப் படம் அவனுடையதென்று உனக்குத் தெரியாதே… தெரியாதவரை என்ன தப்பு?' என்றது அது. காலைப் பற்றிப் பேசவே கூடாது என்று ஒரு விதி போட்டாள். அவனும் ஒப்புக்கொண்டான். மீறினால் மீறியவர் சூடான சிப்ஸ் வாங்கித்தர வேண்டும் என்பது அவன் சேர்த்த விதி.

ஞாயிற்றுக்கிழமைகளில் செயின்ட் கிளேர் கடற்கரை. அவன் மெதுவாக நடப்பான். அவளும் மெதுவாக நடந்தாள், கண்களை அலைமேல் வைத்துக்கொண்டு. அவன் நடையைப் பார்க்கக்கூடாது. இடுப்பைப் பிடித்துக்கொள்கிறானா, பலகையில் உட்காரும்போது முகம் சுளிக்கிறானா… ஒன்றையும் பார்க்கக்கூடாது. இடுப்பில் எலும்பு எடுத்தவர்களுக்கு அந்த இடம்தான் நெடுநாள் வலிக்கும். அதனாலேயே ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும், எடுத்தவருக்கும் எடுக்காதவருக்கும், இடுப்பில் ஒரே மாதிரி பெரிய பிளாஸ்திரி ஒட்டித்தான் சோதனை அறைக்கு அனுப்புவார்கள்.

இப்படி ஓர் ஆணோடு நடந்த பெண் உலகத்தில் இருப்பாளா? முகத்தை மட்டும் பார்க்க அனுமதி. முகமோ… பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லும் முகம்.

"பொதுவா ஒண்ணு கேக்கலாமா?" என்றான் ஒருநாள். கடலைப் பார்த்த சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காகிதத்தில் சிப்ஸ். "என் கா… அதைப் பத்தி இல்ல. அந்தப் புரதத்தைப் பத்தி. அது எப்படி எலும்பாகுது?"

"அது எலும்பே ஆகாது."

"என்னது?"

அவள் இரண்டு சிப்ஸை எடுத்துக் காகிதத்தில் எதிரெதிராக வைத்தாள். நடுவில் விரல் அகலம் இடைவெளி. "இது ஒரு முனை. இது இன்னொரு முனை. நடுவுல ஒரு சின்னப் பஞ்சு வைப்பாங்க. பஞ்சுல புரதம் ஊறியிருக்கும். அது ஒரு சேதி மட்டும்தான். நம்ம உடம்புக்குள்ள என்னவா ஆகப்போறோம்னு இன்னும் முடிவு பண்ணாத செல்கள் நிறைய இருக்கு. எலும்பாகலாம், கொழுப்பாகலாம், குருத்தெலும்பாகலாம்… எதுவும் ஆகாமச் சும்மாவும் இருக்கலாம். இந்தப் புரதம் அதுங்களைக் கூப்பிடும். 'இங்க வா'ன்னு."

"கூப்பிட்டா வந்துடுமா?"

"சுத்துப்பட்டுலேருந்து ஊர்ந்து வரும். வந்ததும் அதுங்க மேல இருக்கற ஒரு பிடிமானத்தைப் போய்த் தொடும் இந்தப் புரதம். தொட்டதும் உள்ள ஏதோ திறக்கும். 'நீ எலும்பு கட்டறவ'ன்னு அந்த செல்லுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் பின்வாங்காது. முதல்ல ரொம்ப மெத்துனு எதையோ கட்டும். ரத்தக் குழாய் உள்ள வரும். கொஞ்சம் கொஞ்சமா சுண்ணாம்பு படிஞ்சு இறுகும்…"

"அதுக்குள்ள புரதம்?"

"அது எப்பவோ கரைஞ்சு போயிருக்கும். சொல்ல வேண்டியதைச் சொன்னதும் அதோட வேலை முடிஞ்சுது. மிச்சமெல்லாம் அந்த செல்கள் பாடு."

அவன் ஒரு எலும்பு முனையை எடுத்துத் தின்றான்.

"ஏய்!"

"பசிக்குது. ஒரே ஒரு சேதி… தொட்டுட்டுப் போயிடுது. அவ்வளவு பெரிய எலும்பு அதுக்கப்புறம் வளருது. அளவுக்கு மீறிச் சொல்லிட்டா?"

"அதுவும் நடக்கும். எங்க வேணாமோ அங்கயும் எலும்பு முளைச்சுடும்."

"எங்க ஹேமி பேச்சு மாதிரி." ஹேமி அவனுடைய பெரியப்பா மகன். படகு ஹேமியுடையது.

அவள் சிரித்துக்கொண்டே இருந்தபோது அவன் சிரிப்பை நிறுத்தியிருந்தான். "ரோனா," என்றான். காற்று அவள் தலைமுடியை முகத்தில் போட்டது. அதை ஒதுக்க அவன் விரல் பாதிவரை வந்து… நின்று… சிப்ஸ் காகிதத்தை மடித்தது.

அன்றிரவு அவள் தூங்கவில்லை.

வாசிக்கும் அறை ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. திரையின் வெளிச்சம் மட்டும். முன்பெல்லாம் அவளுக்கு அந்த அறை பிடிக்கும். எண்ணிட்ட எலும்புகள் ஒவ்வொன்றாக வரும். நாலு பக்கமும் பார்ப்பாள். இடைவெளியின் குறுக்கே வெள்ளைப் பாலம் விழுந்திருக்கிறதா? விழுந்திருந்தால் ஒட்டிவிட்டது. இல்லையென்றால் ஒட்டவில்லை. ஒரு சொடுக்கு. அடுத்தது. அந்த எலும்புக்குச் சொந்தக்காரர் கெட்டவரா, நல்லவரா, ஜோக் அடிப்பாரா என்று அவள் நினைத்ததே இல்லை.

இப்போது… ஒவ்வொன்றும் கேட்டது. 'நான் அவனா?'

நீண்ட எலும்பு வந்தால், அவன் உயரம்தானே என்று நினைப்பு ஓடியது. ஒரு திருகு லேசாகச் சாய்ந்திருந்தால், அவனுக்கு அது உறுத்துமோ என்று தோன்றியது. தேநீர் குடிக்கப் போவாள், பாதிக் கோப்பையில் திரும்பி வருவாள். நாற்காலியில் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு வாசித்தாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். 'இவனாக இருக்கக் கூடாது,' என்று ஒட்டாத எலும்புகளிடம் வேண்டினாள். 'இவனாக இரு,' என்று ஒட்டியவற்றிடம்.

ஜூலைக் கடைசியில் ஒரு படம் வந்தது.

நல்ல எலும்பு. உறுதியான, வேலை செய்தவனுடைய எலும்பு. இடைவெளியில் மேகம் போல லேசான வெள்ளை, அவ்வளவுதான். பாலம் இல்லை. நடுவில் கறுப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. ஒரு மாணவிகூடச் சொல்லிவிடுவாள்.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கோடு அவ்வளவு கறுப்பில்லையோ? இந்த ஓரத்தில் பாலம் தொடங்குகிறதோ? இன்னும் கொஞ்ச நாளில் தானாக ஒட்டிவிடாதா… இப்போதே சொல்லிவிட்டால் என்ன?

'ஒட்டிவிட்டது.' சொடுக்கினாள்.

அடுத்த படம் வந்துவிட்டது. அதைப் பார்க்கும்போதுதான் உறைத்தது. என்ன செய்தேன்? யாரோ ஒரு மனிதன், ராவிரியோ வேறு எவனோ, இந்த ஒரு சொல்லை நம்பி ஊன்றுகோலைத் தூக்கி எறிவான். படகிலிருந்து கரைக்குத் தாவுவான். ஒட்டாத எலும்பு மறுபடி…

திரும்பிப் போனாள். திருத்தினாள். 'ஒட்டவில்லை.'

இதைத் திருத்திவிட்டேன். ஆனால் இதற்கு முன்னால் எத்தனை? தெரிந்து பொய் சொன்னது இது ஒன்றுதான். தெரியாமலேயே மனம் இளகி வாசித்தவை?

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கடலிலிருந்து சாய்வாக அடித்தது. சுவரில் யாரும் இல்லை. அவன் மட்டும் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு காத்திருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகத்தில் விளக்கு ஏற்றியது போல… அதைப் பார்த்தபிறகு சொல்வது இன்னும் கடினமாகிவிட்டது.

"இனிமே பாக்க வேண்டாம் ராவிரி."

"ஏன்?"

காரணத்தைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவளுக்கு வேலையில் ஒரே ஒரு கர்வம் உண்டு. தன் கண் பொய் சொல்லாது என்பது. அந்தக் கண் பொய் சொல்லிவிட்டது என்று எப்படிச் சொல்வாள், அதுவும் இவனிடம்?

"என் வேலைக்கு ஒத்துவரல."

அவன் யோசித்தான். "அவ்வளவுதானே? நான் ஆய்வை விட்டு வந்துடறேன். நாளைக்கே சொல்லிடறேன். அப்ப என் படம் உன்கிட்ட வராது. சரியாப் போச்சா?"

"பைத்தியமா உனக்கு?" அவள் கத்தினாள். எப்போது 'நீ' ஆனான் என்று இருவருமே கவனிக்கவில்லை. "இருக்கறதே கொஞ்சம் பேரு! ஒவ்வொரு காலும் முக்கியம். ஒரு காலு குறைஞ்சாக்கூட அந்தப் புரதம் வேலை செய்யுதா இல்லையான்னு உறுதியாச் சொல்ல முடியாமப் போயிடும். இதே மாதிரி ஒட்டாத எலும்போட எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா? எனக்காகன்னு நீ போகவே கூடாது!"

"ஒவ்வொரு காலும் முக்கியம்," என்று அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான்.

"ஆமா!"

"நான்?"

அவள் கண்களை அலைமேல் திருப்பினாள்.

"நான் உனக்கு வேண்டாம். என் காலு வேணும். அப்படித்தானே?" அவன் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டான். சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. "இத்தனை நாள் ஒரு பொண்ணோட நடக்கறேன்னு நினைச்சேன். எண்ணு போட்ட எலும்போடதான் நீ நடந்திருக்கே."

மழைக்குள் போனான். அவன் நடையைப் பார்க்கக்கூடாது என்ற விதி இன்னும் இருந்தது. அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பாழாய்ப்போன விதியால், அவன் திரும்பிப் பார்த்தானா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பிறகு வந்த நாட்களில் அவள் ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை வாசித்தாள். நேற்று 'ஒட்டியது' என்றதை இன்று சந்தேகித்தாள். அவனை விட்டுவிட்டால் கண் பழையபடி ஆகிவிடும் என்று நம்பியிருந்தாள். ஆகவில்லை. இப்போது பயந்துபோய் எல்லாவற்றையுமே 'ஒட்டவில்லை' என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அதுவும் பொய்தானே? அவனையும் இழந்து, கண்ணையும் இழந்து, இந்த ஜன்னலில்லாத அறையில் எதைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறோம்?

டாக்டர் லூபேயின் கதவைத் தட்டினாள். சமோவாவில் பிறந்து, டனீடனின் முறிந்த எலும்புகளையெல்லாம் பாதி ஆயுளாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் அறுவை மருத்துவர். ஆய்வின் தலைவி.

"நான் இனிமே வாசிக்கக் கூடாது டாக்டர்."

"ஏன் பொண்ணே, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. ஆனா… ஆய்வுல இருக்கற ஒருத்தரை எனக்குப் பிடிச்சிருக்கு."

லூபே கோப்பையைக் கீழே வைத்தார். "எந்தக் காலு?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"எந்தப் படம் அவரோடதுன்னு தெரியாது. அதனால… வர்ற எல்லாக் காலும் அவரோடதுன்னே தோணுது."

லூபேயின் பெரிய தோள்கள் குலுங்கின. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டபோது முகம் மாறியிருந்தது. "சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. இது சிரிக்கற விஷயம் இல்ல. ஏதாவது ஒண்ணை மாத்தி வாசிச்சியா?"

"ஒண்ணு. உடனே திருத்திட்டேன். ஆனா மத்ததை என்னால நம்ப முடியல."

"எப்பலேருந்து பழக்கம்?"

"ஜூன்லேருந்து. பேருந்து நிறுத்தத்துல பாத்தோம்."

"அப்ப ஜூன்லேருந்து நீ வாசிச்சது அத்தனையும் கிறைஸ்ட்சர்ச் ஆஸ்பத்திரிக்குப் போகணும். அங்க வேற ஆள் முதல்லேருந்து பாக்கணும். முடிவு தள்ளிப்போகும். உன் பேரு ஆய்வுல வராது. தெரியும்ல?"

"தெரியும்."

"நேர்மையா வந்து சொன்னேன்னு உன்னைத் தட்டிக்கொடுப்பேன்னு நினைக்காதே. பேருந்து நிறுத்தத்துல பேசின அன்னிக்கோ மறுநாளோ சொல்லியிருக்கணும். லேட்டா சொன்னே." கோப்பையை மறுபடி எடுத்தார். "ஆட்டு எலும்புல அதே புரதம் எப்படி வேலை செய்யுதுன்னு மேல்மாடி ஆய்வுக்கூடத்துல பாக்கறாங்க. அங்க ஆள் வேணும். ஆட்டு மேல ஆசை வராதுல்ல?"

"வராது டாக்டர்."

"போ. அந்த ஆளுகிட்டயாவது லேட்டாப் போகாதே."

போர்ட் சால்மர்ஸ் துறையில் காற்று உப்பாக இருந்தது. மரக்கட்டை ஏற்றும் கப்பல் ஒன்று ஊரைவிடப் பெரிதாக நின்றது. அதன் நிழல் தாண்டி, சின்னப் படகுகள். வரும் வழியெல்லாம் பேருந்தில் அவள் எழுந்து எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரர் இடம் மாறிப் போய்விட்டார்.

ஒரு படகின் மேலிருந்து பரட்டைத் தாடிக்காரன் எட்டிப் பார்த்தான். ஹேமியாகத்தான் இருக்க வேண்டும்.

"அந்த எலும்புக்காரி நீதானா?" என்று கூவினான். "சீக்கிரம் போம்மா! அவன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்கறதைப் பாத்து நண்டெல்லாம் வேற கடலுக்குப் போயிடுச்சு!"

துறையின் கோடியில், கூடைகளின் நடுவே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, ராவிரி கயிறு முடிந்துகொண்டிருந்தான். அவள் நிழல் விழுந்ததும் கை நின்றது. நிமிரவில்லை.

"எந்த எண்ணைப் பாக்க வந்தே?" என்றான்.

அவள் அதை வாங்கிக்கொண்டாள். பதிலுக்குக் கோபப்படவில்லை. முதல்முறையாகக் கோபம் முந்தவில்லை.

"நான் ஒரு பொய் வாசிச்சேன் ராவிரி."

கயிறு மடியில் விழுந்தது.

"ஒரு படம் வந்துச்சு. ஒட்டாத எலும்பு. நல்லாத் தெரிஞ்சுது, ஒட்டலைன்னு. ஆனா அது உன்னோடதா இருந்தா… நீ இன்னும் எத்தனை நாள் கடலுக்குப் போகாம இங்க உக்காந்திருப்பேன்னு நினைச்சேன். ஒட்டிடுச்சுன்னு போட்டுட்டேன். என் கண்ணு பொய் சொல்லாதுன்னு அவ்வளவு கர்வம் எனக்கு. உன்னால பொய் சொல்லிடுச்சு. உடனே மாத்தினேன். ஆனா நடந்தது நடந்ததுதானே? அதான் அன்னிக்கு உன்னைத் துரத்தினேன். வெக்கமா இருந்துச்சு. அதைச் சொல்றதுக்குப் பதிலா வேலைன்னு சொன்னேன்."

அவன் இப்போது நிமிர்ந்து பார்த்தான். அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க வராது என்று தெரியும்.

"நேத்து டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். இனிமே நான் யாரோட எலும்பையும் வாசிக்கல. ஆட்டு எலும்பு மட்டும்தான். நீ கேட்டியே, 'நான்?'னு… அன்னிக்கு நான் பதில் சொல்லல. ஒரு எலும்பை நான் தப்பா வாசிச்சேன்னா, அதுதான் பதில். வேற யாருக்காகவும் என் கண்ணு அப்படி ஆகியிருக்காது."

அலை துறைமரங்களில் தட்டியது. தட்டியது. தட்டியது. ரோனா கால் மாற்றி நின்றாள். கையைப் பைக்குள் விட்டாள், எடுத்தாள்.

"போன வாரம் டாக்டரைப் பாத்தேன்," என்றான் கடைசியில். "எனக்கு இன்னும் ஒட்டலையாம்."

அவள் கண்கள் நிறைந்தன. "அந்தப் படம் உன்னோடதான்னு எனக்குத் தெரியாது. நிஜமா."

"தெரிய வேண்டாம். அழாதே, கேளு. அன்னிக்குச் சண்டை போட்டுட்டு, மறுநாள் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். 'என்னை விட்டுடுங்க, இந்த ஆய்வும் வேணாம் ஒண்ணும் வேணாம்'னு சொல்லிடணும்னு. காத்திருக்கற இடத்துல உக்காந்தேன். பேரைக் கூப்பிட்டாங்க. எழுந்தேன். வாய் வரல." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினான். "நீ கத்தினது ஞாபகம் வந்துச்சு. இதே மாதிரி எத்தனை பேர் காத்திருக்காங்கன்னு. சரி, இருக்கேன்னு உள்ள போய்ப் படுத்து, படம் எடுத்துக்கிட்டு வந்தேன். வழி பூரா உன்னைத் திட்டிக்கிட்டுத்தான் வந்தேன். ஆனா நீ சொன்னதைத்தான் செஞ்சேன்."

"ராவிரி…"

"இன்னும் முடிக்கல. எனக்கு உன்னை மாதிரி விவரமாச் சொல்ல வராது. உன் மேல அவ்வளவு கோபம். உன் மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாதுன்னு இருக்கேன். அப்பக்கூட உன் பேச்சைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு மனுஷன் அப்படி இருந்தான்னா அதுக்கு என்ன பேரு?" பழுப்புக் கண்கள் அவள்மேல் நின்றன. "நீதானே எதையும் பாத்துச் சொல்றவ. பாத்துச் சொல்லு."

அவள் அவன் முன்னால் ஈரப் பலகையில் மண்டியிட்டாள். முகத்தை நேராகப் பார்த்தாள். நெற்றியின் கோட்டை, குளிரில் வெடித்த உதட்டை, அந்தக் கண்களை… நாலு பக்கமும், அவசரமில்லாமல்.

"காதல்," என்றாள்.

"நல்லாப் பாத்தியா? ஆசைப்பட்டதைப் பாக்கலையே?"

"ஆசைப்பட்டதுதான்." அவள் சிரித்தாள்; கண்ணீர் வழிந்தது. "ஆனா இதை வேணும்னா கிறைஸ்ட்சர்ச்சுக்கு அனுப்பி யாரை வேணாலும் வாசிக்கச் சொல்லு. அவங்களும் இதையேதான் சொல்லுவாங்க."